உழைப்பால் உயர்ந்த மைக்கன்

பள்ளிக் கூடைப்பந்துக் குழுவிற்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, உயரமான மாணவர்கள்மீதே முதலில் பார்வை விழும். உயரமாக இருப்பவர் கூடைப்பந்தில் எளிதாகச் சிறந்து விளங்குவார் என்பது இன்று பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. மிக உயரமானவர்களால் வேகமாக ஓட இயலாது, சட்டென்று திரும்ப இயலாது, பந்தைச் சரியாகப் பிடிக்கவும் இயலாது என்று பயிற்றுநர்கள் பலர் நம்பினர். கூடைப்பந்து, உயரம் குறைந்த சுறுசுறுப்பான ஆட்டக்காரர்களுக்கே உரியது என்று கருதினர். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர், 208 சென்டிமீட்டர் உயரம் கொண்ட அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன்.

ஜார்ஜ் மைக்கன் 1924ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள ஜோலியட் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். சிறு வயதிலேயே அவர் தம் வயதுப் பிள்ளைகளைவிட மிக உயரமாக வளர்ந்துவிட்டார். கண்பார்வை மங்கலாக இருந்ததால் தடித்த மூக்குக் கண்ணாடியும் அணிந்திருந்தார். எங்குச் சென்றாலும் கேலியும் கிண்டலும் அவரைத் தொடர்ந்தன. தம் உயரத்தை மறைப்பதற்காகத் தோள்களைக் குறுக்கிக் கூனியபடியே நடந்தார். போதாக்குறைக்கு, ஒரு முறை அவருடைய முழங்கால் கடுமையாக அடிபட்டது. அதனால், ஒன்றரை ஆண்டுக் காலம் அவர் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது.

உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது மைக்கன் கூடைப்பந்துக் குழுவில் சேர முயன்றார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவர் கண்களைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதைப் பயிற்றுநர் கவனித்துவிட்டார். கண்ணாடி அணிந்தவர் கூடைப்பந்து ஆட முடியாது என்று கூறி அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். மைக்கனும் பாதிரியார் ஆகலாம் என்னும் எண்ணத்துடன் சில காலம் சமயக் கல்லூரி ஒன்றில் பயின்றார். ஆயினும், கூடைப்பந்தின்மீது கொண்ட ஆசை அவரை விட்டு அகலவில்லை. பின்னர், விளையாட்டில் புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகக் குழுவில் இடம்பெற முயன்றார். அங்கும் ஏமாற்றமே காத்திருந்தது. அவருடைய ஆட்டத்தில் லாவகம் இல்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

1942ஆம் ஆண்டு, சிகாகோ நகரில் உள்ள டிபால் பல்கலைக்கழகத்தில் மைக்கனின் வாழ்க்கை திசை திரும்பியது. அவ்வாண்டு அங்குப் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ரே மையருக்கு வயது 28. மற்றவர்கள் குறையாகக் கருதிய உயரத்தை அந்த இளம் பயிற்றுநர் ஒரு வாய்ப்பாகக் கண்டார். அதே வேளையில், உயரம் மட்டும் ஒருவரை ஆட்டக்காரராக்கிவிடாது என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே, மைக்கனுக்கெனத் தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார்.

அந்தப் பயிற்சிகள் பார்ப்பவர்களுக்கு வியப்பளித்தன. கால்களுக்கு வேகம் கிடைக்க மைக்கன் நாள்தோறும் கயிறு தாண்டினார். கைகளும் கண்களும் ஒத்திசைந்து இயங்கக் குத்துச்சண்டை வீரர்களைப் போலப் பயிற்சிப் பந்தைக் குத்திப் பழகினார். உடலசைவில் நளினம் வேண்டும் என்பதற்காக நடனமும் கற்றுக்கொண்டார். குள்ளமான, வேகமான ஆட்டக்காரர் ஒருவரை விரட்டிச் சென்று தடுக்கும் பயிற்சியும் அவருக்கு அளிக்கப்பட்டது. தம்மைவிட மிகக் குள்ளமானவரைப் பிடிக்க முடியாமல் ஓடிக் களைத்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

இவற்றுள் இன்றளவும் நிலைத்திருப்பது ஓர் எளிய பயிற்சி. வளையத்திற்கு அடியில் நின்று, வலப்பக்கத்திலிருந்து வலக்கையால் பந்தை வளையத்திற்குள் போட வேண்டும். பந்து தரையைத் தொடும் முன்னரே அதைப் பிடித்து, இடப்பக்கம் ஓரடி எடுத்து வைத்து, இடக்கையால் போட வேண்டும். மீண்டும் வலம், மீண்டும் இடம் என நிற்காமல் தொடர வேண்டும். மைக்கன் இதை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முறை செய்தார். தொடக்கத்தில் அவருடைய இடக்கை சற்றும் ஒத்துழைக்கவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? நாளடைவில் எந்தக் கையால் போட்டாலும் பந்து வளையத்திற்குள் விழுந்தது. இப்பயிற்சி இன்று மைக்கன் பயிற்சி என்றே அழைக்கப்படுகிறது. உலகெங்கும் கூடைப்பந்து கற்கும் சிறுவர்கள் அவருடைய பெயரால் அமைந்த இப்பயிற்சியைச் செய்து வருகின்றனர்.

கூனி நடந்த இளைஞர் இப்போது நிமிர்ந்து நின்றார். எதிரணியினர் எறியும் பந்து வளையத்தை நோக்கி இறங்கும்போது, அவர் எம்பிக் குதித்து அதைத் தட்டிவிட்டார். இப்படியே போனால் எதிரணியினர் புள்ளிகள் எடுக்கவே முடியாது என்னும் நிலை உருவானது. அக்காலத்தில் ஓக்லஹோமாவில் ஆடிய பாப் கர்லேண்டு என்னும் மற்றோர் உயரமான ஆட்டக்காரரும் இவ்வாறே ஆடினார். ஆகவே, வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தடுக்கக் கூடாது என்னும் விதி 1944ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கொண்டுவரப்பட்டது. விதி மாறியதும் மைக்கனின் புகழ் மங்கிவிடும் எனச் சிலர் எண்ணினர். ஆனால், 1945ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற தேசிய அழைப்புப் போட்டியில், ரோட் ஐலண்டு குழுவிற்கு எதிராக அவர் ஒருவரே 53 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் எதிரணியின் ஐவரும் மாற்று ஆட்டக்காரர்களும் சேர்ந்து எடுத்த மொத்தப் புள்ளிகளும் 53தான். அப்போட்டியில் டிபால் குழு வெற்றிக் கிண்ணத்தை வென்றது.

1946ஆம் ஆண்டு மைக்கன் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். முதலில் சிகாகோ அணி ஒன்றில் ஆடி, 1947ஆம் ஆண்டு அதற்கு வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அவ்வணி கலைந்ததும், புதிதாகத் தோன்றியிருந்த மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் சேர்ந்தார். இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள புகழ்பெற்ற லேக்கர்ஸ் அணியின் தொடக்கம் அதுவே. பயிற்றுநர் ஜான் குண்ட்லாவின் வழிகாட்டுதலில் ஜிம் போலர்டு, வெர்ன் மிக்கல்சன், ஸ்லேட்டர் மார்ட்டின் போன்ற திறமைசாலிகளுடன் அவர் தோளோடு தோள் நின்று ஆடினார். 1949ஆம் ஆண்டு இரண்டு தொழில்முறை அமைப்புகள் இணைந்து தேசியக் கூடைப்பந்துச் சங்கம் உருவானது. அச்சங்கத்தின் முதல் பெரும் நட்சத்திரமாக மைக்கன் திகழ்ந்தார். 1947 முதல் 1954 வரையிலான எட்டுப் பருவங்களில் அவர் ஆடிய அணிகள் ஏழு முறை வெற்றியாளர் பட்டம் பெற்றன.

வெற்றிகளுக்கு நடுவே தோல்வியும் அவருக்குப் பாடம் புகட்டியது. அக்காலத்தில் பெரும்பாலான தொழில்முறை அணிகள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. முழுவதும் கறுப்பின ஆட்டக்காரர்களைக் கொண்ட ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் அணி, ஊர் ஊராகச் சென்று வேடிக்கை ஆட்டங்கள் ஆடிவந்தது. அவர்கள் சிரிப்பு மூட்டுவார்களே அன்றி, உண்மையான போட்டியில் வெல்ல மாட்டார்கள் என்று பலர் ஏளனமாகக் கருதினர். 1948ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சிகாகோ விளையாட்டரங்கில் இவ்விரு அணிகளும் மோதின. பதினேழாயிரத்திற்கும் அதிகமான பார்வையாளர்கள் திரண்டனர். மைக்கன் சிறப்பாக ஆடினார். எனினும், இறுதி நொடியில் எறியப்பட்ட பந்தால் குளோப்டிராட்டர்ஸ் அணி 61க்கு 59 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. திறமைக்கு நிறம் கிடையாது என்பதை அந்த ஆட்டம் அனைவருக்கும் உணர்த்தியது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1950இல், தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களும் இடம்பெற்றனர்.

மைக்கனைப் பார்ப்பதற்கென்றே மக்கள் விளையாட்டரங்குகளுக்கு வந்தனர். 1949ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கின் முகப்பில், ஜார்ஜ் மைக்கன் நிக்ஸ் அணியுடன் மோதுகிறார் என்று அறிவிப்பு வைக்கப்பட்டிருந்தது. லேக்கர்ஸ் அணியின் பெயரே அதில் இல்லை. இதைக் கண்ட சக ஆட்டக்காரர்கள், ஆடை மாற்றும் அறையில் சீருடை அணியாமல் அமர்ந்துவிட்டனர். உன் பெயர் மட்டும்தானே இருக்கிறது, நீயே தனியாகப் போய் ஆடு என்று அவரிடம் விளையாட்டாகச் சொன்னார்கள். மைக்கனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். புகழ் எவ்வளவு வளர்ந்தாலும், அணியினர் அவரிடம் உரிமையோடு கேலி பேச முடிந்தது. அவர்களிடையே நிலவிய நட்பிற்கு இதுவே சான்று.

மைக்கனைத் தடுக்க எதிரணியினர் பல வழிகளைத் தேடினர். 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் அணி ஒரு புதிய உத்தியைக் கையாண்டது. அவர்கள் பந்தை எறியாமல், தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினர். பந்து கைக்கு வந்தால்தானே மைக்கன் புள்ளி எடுப்பார்! இறுதியில் பிஸ்டன்ஸ் 19க்கு 18 என்று வென்றது. தேசியக் கூடைப்பந்துச் சங்க வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகளுடன் முடிந்த ஆட்டம் அதுதான். லேக்கர்ஸ் எடுத்த 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. இவ்வாறு நேரத்தைக் கடத்தும் ஆட்டங்கள் பார்வையாளர்களைச் சலிப்படையச் செய்தன. ஆகவே, பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் அதை வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்னும் விதி 1954ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

விதிகளை வகுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. வளையத்திற்கு முன்னால் உள்ள கட்டத்திற்குள் தாக்கும் அணியினர் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறடி அகலமாக இருந்த அக்கட்டத்தை 1951ஆம் ஆண்டு பன்னிரண்டு அடியாக விரிவாக்கினர். மைக்கனை வளையத்தை விட்டு விலக்கி வைப்பதே அதன் நோக்கம். அதனால், ஓர் ஆட்டத்திற்கு 28 புள்ளிகளுக்கு மேல் இருந்த அவருடைய சராசரி 24க்கும் கீழே இறங்கியது. ஆயினும், அவர் மனம் தளரவில்லை. சற்றுத் தொலைவிலிருந்து எறிந்து பழகினார். தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். 1952ஆம் ஆண்டு ஜனவரியில், ரோசெஸ்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 61 புள்ளிகள் எடுத்தார். தம் வாழ்நாளில் அவர் எடுத்த மிக அதிகமான புள்ளிகள், விதி கடுமையாக்கப்பட்ட பிறகே வந்தன!

1954ஆம் ஆண்டு மார்ச்சில் மற்றொரு சோதனையும் நடந்தது. பத்தடி உயரத்தில் இருக்க வேண்டிய வளையத்தைப் பன்னிரண்டு அடிக்கு உயர்த்தி, லேக்கர்ஸ் அணியையும் மில்வாக்கி ஹாக்ஸ் அணியையும் ஆடச் செய்தனர். உயரமானவர்களின் சாதகம் குறையும் என எதிர்பார்த்தனர். ஆனால், குள்ளமானவர்களுக்கும் அந்த வளையம் எட்டாக்கனியாகவே இருந்தது. இரு தரப்பினரும் எறிந்த பந்துகள் குறி தவறின. அந்த ஆட்டத்திலும் லேக்கர்ஸ் அணியே வென்றது. அத்துடன் அம்முயற்சி கைவிடப்பட்டது.

மைக்கனின் வெற்றிகளுக்குப் பின்னால் எவ்வளவு வலி இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். வளையத்தின் அருகே முட்டி மோதி ஆடியதில் அவருடைய எலும்புகள் பத்து முறை முறிந்தன. 1951ஆம் ஆண்டு இறுதிக்கட்ட ஆட்டங்களில், எலும்பு முறிந்த காலுடனேயே அவர் களமிறங்கினார். இடைவிடாத பயணங்களுக்கும் ஆட்டங்களுக்கும் நடுவில் சட்டம் பயின்று, பட்டமும் பெற்றார். 1950ஆம் ஆண்டு, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியின் தலைசிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954ஆம் ஆண்டு, ஏழாவது பட்டத்துடன் அவர் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு ஏறத்தாழ 30 வயதுதான். உடற்காயங்களும், மனைவி மக்களோடு வாழ வேண்டும் என்னும் விருப்பமும் அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றன. 1955-56ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவில் மீண்டும் களமிறங்கி 37 ஆட்டங்களில் பங்கேற்றார். ஆனால், பழைய வேகம் திரும்பவில்லை. எனவே, விளையாட்டிலிருந்து முழுமையாக விலகினார்.

களத்துக்கு வெளியே வாழ்க்கை அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1956ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்று குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அதன்பின் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியபோது, முதல் சில மாதங்களில் வழக்குகளே வரவில்லை. லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றும் தோல்விகளே மிஞ்சின. கல்லூரிக் காலத்தில் கற்ற விடாமுயற்சியே மீண்டும் அவருக்குக் கைகொடுத்தது. மெல்ல மெல்ல வழக்கறிஞர் தொழிலில் காலூன்றி, குடும்பத்தை நிமிர்த்தினார். 1959ஆம் ஆண்டு கூடைப்பந்துப் புகழ்மண்டபம் தொடங்கப்பட்டபோது, முதலில் சேர்க்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவரானார்.

1967ஆம் ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் என்னும் புதிய அமைப்பு தோன்றியது. அதன் முதல் ஆணையராக மைக்கன் பொறுப்பேற்றார். பழுப்பு நிறப் பந்து தொலைவில் இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்பதைக் கண்பார்வை மங்கிய அவர் நன்கு உணர்ந்திருந்தார். எனவே, சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூவண்ணங்களில் அமைந்த பந்தை அறிமுகப்படுத்தினார். அதைவிட முக்கியமானது மூன்று புள்ளிக் கோடு. அதற்கு முன்பு நெடுநாள் நிலைக்காத ஓர் அமைப்பு மட்டுமே அதைத் தொழில்முறை ஆட்டத்தில் பயன்படுத்தியிருந்தது. தொலைவிலிருந்து குறி தவறாமல் எறிபவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி தந்தால், உயரம் குறைந்த ஆட்டக்காரர்களுக்கும் ஆட்டத்தில் சிறப்பான இடம் கிடைக்கும் என்று மைக்கன் கருதினார். தம் உயரத்தின் காரணமாகவே விதிகள் மாற்றப்படுவதைக் கண்டவர், குள்ளமானவர்களுக்கு வாய்ப்பளிக்கும் விதியைக் கொண்டுவந்தார். தேசியக் கூடைப்பந்துச் சங்கமும் 1979ஆம் ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. இன்று நம் பள்ளித் திடல்களில் உள்ள கூடைப்பந்துக் களங்களிலும் அந்த வளைகோட்டைக் காணலாம்.

முதுமையில் நீரிழிவு நோய் மைக்கனை வாட்டியது. 2000ஆம் ஆண்டு அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. ஒரு காலத்தில் கயிறு தாண்டியும் நடனம் ஆடியும் பழக்கிய கால் அது. பின்னர், சிறுநீரகங்களும் செயலிழந்தன. இரத்தச் சுத்திகரிப்பிற்காக வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மருத்துவச் செலவு கைப்பொருளைக் கரைத்தது. 1965ஆம் ஆண்டுக்கு முன்பு ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுக்கு மிகச் சிறிய தொகையே ஓய்வூதியமாகக் கிடைத்தது. அவர்கள் வளர்த்த விளையாட்டோ கோடிக்கணக்கில் பணம் ஈட்டிக்கொண்டிருந்தது. இந்த அநீதியை எதிர்த்து மைக்கன் குரல் கொடுத்தார். தமக்காக மட்டுமன்றி, தம்மைவிட வறுமையில் வாடிய பழைய தோழர்களுக்காகவும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே போராடினார். அவர் கண் மூடும்வரை அக்குறை தீரவில்லை.

2005ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், அரிசோனா மாநிலத்தில் தமது 80ஆம் வயதில் மைக்கன் காலமானார். அக்காலத்தின் பெரும் நட்சத்திரமான ஷக்கீல் ஓநீல், அவருடைய இறுதிச்சடங்கிற்கான செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். மைக்கன் இல்லாவிட்டால் தம்மைப் போன்ற உயரமான ஆட்டக்காரர்களுக்கு இடமே கிடைத்திருக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மினியாபொலிஸ் விளையாட்டரங்கில் மைக்கனின் சிலை ஒன்று நிற்கிறது. 2022ஆம் ஆண்டு லேக்கர்ஸ் அணி அவர் அணிந்த 99ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என முடிவெடுத்து, அவருக்குச் சிறப்புச் செய்தது.

உயரம் மைக்கனுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. ஆனால், அந்த உயரத்திற்காக அவர் பெற்றது கேலியும் புறக்கணிப்புமே. ஒத்துழைக்காத இடக்கையை ஆயிரமாயிரம் முறை பழக்கியதால்தான் அவர் ஆட்டக்காரர் ஆனார். விதிகள் தமக்கு எதிராக மாறியபோது குறைகூறிக்கொண்டிராமல் புதியவற்றைக் கற்றார். விதியை மாற்றும் பொறுப்பு தம் கைக்கு வந்தபோது மற்றவர்களுக்கு வழிவிட்டார். உடல் உயரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால், உழைப்பாலும் பெருந்தன்மையாலும் எட்டும் உயரம் நம் கையில்தான் இருக்கிறது என்பதை ஜார்ஜ் மைக்கனின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது.